சுவரில் ஏறும் நிலத்து ஈரம்: மட்டக்களப்பு வீடுகளுக்கு ஓர் எளிய விளக்கம்

மாரி பிடித்து ஒரு மாதம் போனால் மட்டக்களப்பில் எத்தனையோ வீடுகளில் ஒரே காட்சி. தரையிலிருந்து இரண்டு மூன்று அடி உயரம் வரைக்கும் சுவர்ப் பெயின்ற் கொப்பளித்து நிற்கும். நகத்தால் சுரண்டினால் பொருக்குப் பொருக்காய் உதிரும். அதற்குப் பின்னால் பூச்சு மாவாகிக் கிடக்கும். அதில் வெள்ளையாய் உப்புப் பூத்திருக்கும். சுவரோடு ஒட்டி வைத்த அலுமாரியை இழுத்துப் பார்த்தால் பின்பலகை ஊதிப் போயிருக்கும். கீழ்த்தட்டில் மடித்து வைத்த சீலையில் பூஞ்சணம் கரும்புள்ளியாய்ப் பிடித்திருக்கும்.

பொங்கல் வருகிறது என்று அதைச் சுரண்டி, வோல் பில்லர் பூசி, புதிதாகப் பெயின்ற் அடிப்பார்கள். அடுத்த மாரியில் அதே இடத்தில், சில வேளை அரை அடி உயரக் கூடி, திரும்பவும் கொப்பளிக்கும். பழி பெயின்றுக்குப் போகும், இல்லையென்றால் மேசனுக்குப் போகும். நிலத்திலிருந்து சுவருக்குள் தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கும்போது எந்தப் பெயின்றும் நிற்காது. இப்படிச் சுவரில் பிடிக்கும் ஈரத்தைத்தான் ஓதம் என்கிறோம். ஏறும் வழியை அடைக்க வேண்டும். ஏறிவிட்ட ஈரம் காய்வதற்கு வழி விட வேண்டும். இந்த இரண்டையும் விளங்கிக்கொண்டால், வீடு கட்டுகிறவரும் திருத்துகிறவரும் கடையிலும் மேசனிடமும் என்ன கேட்க வேண்டும் என்பது தானாகவே தெளிவாகும்.

தரைக்குக் கீழே நிற்கும் தண்ணீர்

கல்லடி, காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிக்குடி எல்லாம் கடலுக்கும் வாவிக்கும் நடுவே நீண்டு கிடக்கும் மணல் நிலத்தில் உள்ள ஊர்கள். எங்கள் மழையில் பெரும் பங்கு கார்த்திகை முதல் தை வரையான வாடைக்காற்றுக் காலத்தில் கொட்டித் தீர்க்கிறது. அந்த நாட்களில் வளவுக் கிணற்றை எட்டிப் பாருங்கள். கோடையில் ஆழத்தில் கிடந்த தண்ணீர் கைக்கெட்டும் அளவுக்கு மேலே வந்திருக்கும். வீட்டுத் தரைக்குக் கீழேயும் தண்ணீர் ஏறத்தாழ அதே மட்டத்தில்தான் நிற்கிறது. வாவி கடலோடு சேரும் முகத்துவாரம் மணலால் மூடிக் கிடக்கும்போது பெருமழை பெய்தால் வாவியும் ஏறும், அதோடு கரையோரக் கிணறுகளும் ஏறும். முகத்துவாரத்தை வெட்டி விட்டபின் வெள்ளம் வடிந்தாலும் நிலத்துக்குள் ஊறிய நீர் உடனே வடிவதில்லை.

வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பக்கம், வவுணதீவு, கொக்கட்டிச்சோலை, வெல்லாவெளி என்று போனால் மணல் குறைந்து வயல் மண் கூடும். அம்பாறையில் சம்மாந்துறை, நிந்தவூர், அக்கரைப்பற்றிலும் வயலை நிரப்பி எழும்பிய வீடுகள் பல. அங்கே கிணற்று நீர் சற்று ஆழத்தில் இருந்தாலும் களிமண் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், உயரத்துக்கும் இழுக்கும். அதனால் "எங்கட பக்கம் தண்ணி ஆழம், ஓதம் வராது" என்று நம்பி இருக்க முடியாது.

தண்ணீர் மேலே ஏறுவது எப்படி

பாண் துண்டின் நுனியைத் தேத்தண்ணியில் தொட்டுப் பிடித்தால், தோய்த்த இடத்துக்கு மேலேயும் ஈரம் ஏறும். செங்கல், சீமெந்துக் கல், சாந்து, பூச்சு எல்லாவற்றுக்குள்ளும் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் இருக்கின்றன. தண்ணீர் அந்தத் துளைகளின் பக்கங்களில் ஒட்டிக்கொண்டு, புவியீர்ப்பையும் எதிர்த்து மேலே ஏறுகிறது.

துளை எவ்வளவு சிறியதோ, அவ்வளவு உயரம் ஏறும். கண்ணாடிக் குழாய்க்குள் சுத்தமான தண்ணீருக்குக் கணக்குப் போட்டால், 1 மில்லிமீற்றர் விட்டமுள்ள துளையில் அது 3 சென்ரிமீற்றர் ஏறும். 0.1 மில்லிமீற்றர் துளையில் 30 சென்ரிமீற்றர். 0.01 மில்லிமீற்றர் துளையில் 3 மீற்றர், அதாவது பத்து அடி. செங்கல்லிலும் சாந்திலும் உள்ள துளைகளில் பல இந்த மூன்றாவது அளவை ஒட்டியவை, அதைவிடச் சிறியவையும் உண்டு.

அப்படியானால் சுவர் கூரை வரைக்கும் ஊற வேண்டாமா என்று கேட்கலாம். ஏறும் தண்ணீர் வழியெல்லாம் சுவரின் இரு முகங்களாலும் ஆவியாகிப் போகிறது. கீழிருந்து வரும் அளவும் முகத்தால் போகும் அளவும் சமமாகும் உயரத்தில் ஈரம் நின்றுவிடும். சாதாரண வீட்டுச் சுவரில் அது பெரும்பாலும் மூன்று நாலு அடிக்குள் இருக்கும். கச்சான் எனும் வறண்ட தென்மேற்குக் காற்று வீசிச் சுவர் நன்றாகக் காயும் காலத்தில் ஈரக்கோடு கீழே இறங்கும், மாரியில் மேலே ஏறும்.

சுவரின் முகத்தை மூடினால் அந்தச் சமநிலை குழம்பும். கல்லடியில் ஒரு வீட்டில் ஓதம் பிடித்த சுவருக்கு மூன்று அடி உயரத்துக்கு டைல்ஸ் ஒட்டியிருந்தார்கள். பார்வைக்கு நல்ல வடிவாகத்தான் இருந்தது. ஆனால் டைல்ஸ் முடியும் கோட்டுக்கு மேலே ஒரு அடி அகலத்தில் பூச்சு பொரிந்து நின்றது. "முன்னம் முழங்காலுக்குக் கீழதான் ஊறினது தம்பி. டைல்ஸ் ஒட்டின பிறகு இப்ப இடுப்புக்கு மேல வந்திட்டு. இது எங்க போய் நிக்கும்?" என்று அந்த அக்கா கேட்டார். கீழே காய்ந்து போகக் கிடைத்த இடத்தை டைல்ஸ் மூடிவிட்டது. தண்ணீர் மூடாத இடத்தைத் தேடி மேலே போயிற்று. எண்ணெய்ப் பெயின்ற், தடித்த சீமெந்துப் பூச்சு, வோல்பேப்பர் எல்லாம் இதே வேலையைத்தான் செய்கின்றன. ஓதம் பிடித்த சுவருக்கு டைல்ஸ் ஒட்டாதீர்கள் என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான்.

உப்பு செய்யும் கேடு

தண்ணீர் தனியே ஏறுவதில்லை. நிலத்திலும் செங்கல்லிலும் சாந்திலும் உள்ள உப்பைக் கரைத்துக்கொண்டு ஏறுகிறது. சுவரின் முகத்தில் தண்ணீர் ஆவியாகும்போது உப்பு அங்கேயே தங்கிவிடும். முகத்துக்கு வெளியே படிந்தால் வெள்ளைப் பொடி. விளக்குமாற்றால் தட்டினால் போய்விடும். பூச்சுக்கு உள்ளே, துளைகளுக்குள் உப்பு பளிங்காக உறைந்தால் அந்தப் பளிங்கு வளரும்போது துளையின் சுவர்களை நெருக்கி உடைக்கும். பூச்சு மாவாகி உதிர்வதற்குக் காரணம் இதுதான். சவர்த் தண்ணீர் உள்ள கரையோரத்தில் இது வேகமாக நடக்கும்.

இன்னொரு கேடும் உண்டு. சாதாரணக் கறியுப்பு, காற்றின் ஈரப்பதன் 75 சதவீதத்தைத் தாண்டினால் காற்றிலிருந்தே தண்ணீரை உறிஞ்சிக் கரையத் தொடங்கும். குசினியில் உப்புப் போத்தல் மாரியில் கசிந்து நிற்பதைப் பார்க்கிறோமே, அதே செயல்தான் சுவருக்குள்ளும் நடக்கிறது. எங்கள் மாரிக்காலக் காற்று அந்த 75ஐச் சுலபமாகத் தாண்டும். அதனால் உப்பு ஏறிய சுவர், கீழிருந்து வரும் தண்ணீரை முற்றாக நிறுத்திய பிறகும் மழை நாட்களில் கறுத்து ஈரமாகத் தெரியும். கழுவாத கடல் மணலால் பூசிய சுவர் ஒரு நாளும் ஒழுங்காகக் காயாமல் இருப்பதும் இதனால்தான். பூச்சுக்கு மணல் எங்கிருந்து வருகிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சந்தேகமென்றால் ஒரு பிடி மணலைச் சுத்தமான தண்ணீரில் கலக்கித் தெளியவிட்டு, தெளிவை நாக்கில் ஒரு துளி தொட்டுப் பார்க்கலாம். உப்புக் கரித்தால் அந்த மணல் வேண்டாம். கரிக்கவில்லை என்பதற்காக முழுதாக நம்பிவிடவும் கூடாது. குறைந்த அளவு உப்பு நாக்குக்குத் தெரியாது. அதே உப்பு கொங்கிரீட்டுக்குள் போனால் கம்பியையும் துருவாக்கும்.

ஈரமான சுவரடி கறையானுக்கும் பிடித்த இடம். நிலத்துக்குள் வாழும் கறையானுக்கு ஈரம் இல்லாமல் வாழ முடியாது. கதவு நிலையின் அடியில் மண்கோடு தெரிந்தால், மருந்து அடிப்பதோடு ஈரம் எங்கிருந்து வருகிறது என்றும் பாருங்கள். உடல்நலத்தைப் பொறுத்தவரை, ஓதமும் பூஞ்சணமும் உள்ள வீட்டில் இருப்பவர்களுக்கு இழுப்பும் இருமலும் கூடுதலாக வருவதை உலக சுகாதார நிறுவனம் 2009ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டலில் எடுத்துக் கூறியிருக்கிறது. தரையில் பாய் விரித்துப் படுக்கும் பிள்ளைகளும் வயதானவர்களும் உள்ள வீடுகளில் இது சிறிய விடயமல்ல.

கனடாவில் தரைக்குக் கீழே ஓர் இடைவெளி

கனடாவிலோ அமெரிக்காவிலோ உள்ள சொந்தக்காரர் வீட்டுக்குக் கீழே தவழ்ந்து போகும் அளவுக்கு ஓர் இடைவெளி இருக்கிறது, அங்கே பொலித்தீன் விரிக்கச் சொல்கிறார்கள் என்று தொலைபேசியில் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். அங்கே பல வீடுகளின் நிலத்தளம் மரத்தாலானது. அதைத் தாங்கும் மர வளைகளுக்கும் வெறும் மண்ணுக்கும் இடையில் இரண்டு மூன்று அடி வெளி விடுவார்கள். மண்ணிலிருந்து எழும் நீராவி அந்த வெளிக்குள் தங்கி மரத்தை உக்க வைக்கும்.

முன்பெல்லாம் அந்த வெளிக்குக் காற்றோட்டத் துளைகள் வைத்தால் போதும் என்று எண்ணினார்கள். அமெரிக்காவின் தென்பகுதி போன்ற ஈரமான இடங்களில் கோடையில் அது எதிர்மாறாக வேலை செய்தது. வெளியிலிருந்து சூடான ஈரக்காற்று உள்ளே போய், குளிர்ந்து கிடக்கும் மரத்திலும் குழாய்களிலும் பட்டு நீராகப் படிந்தது. இப்போது மண்ணை 0.15 மில்லிமீற்றர் தடிப்பான பொலித்தீனால் மூடி, பொருத்துகளை ஆறு அங்குலம் ஒன்றின் மேல் ஒன்று ஏற்றி, ஓரங்களைச் சுவரில் ஏற்றி ஒட்டி, துளைகளையும் அடைத்து உள்காற்றை உலர்வாக வைத்திருக்கும் முறை அங்கே பரவி வருகிறது.

எங்கள் வீடுகளில் அப்படி ஒரு வெளி இல்லை. மண்ணின் மேலேயே கொங்கிரீட். அத்திவாரத்தின் மேலேயே சுவர். அதனால் அங்கே ஆவியாக எழும் ஈரம் இங்கே தண்ணீராகவே சுவருக்குள் ஏறுகிறது. ஆனால் இரண்டு பாடங்கள் எங்களுக்கும் பொருந்தும். ஒன்று, நிலத்துக்கும் வீட்டுக்கும் நடுவே இடைவிடாத ஒரு தடை வேண்டும். மற்றது, கதவு யன்னலைத் திறந்து வைத்தால் எந்நேரமும் வீடு காயும் என்றில்லை. 30 பாகை சூட்டில் 80 சதவீத ஈரப்பதன் உள்ள காற்று, 26 பாகைக்குக் கிட்டக் குளிர்ந்த எதன் மேல் பட்டாலும் அங்கே நீர் படியும். ஏசி போட்ட அறையில் யன்னலைத் திறந்தவுடன் டைல்ஸ் வியர்ப்பது இதுதான். அதை நிலத்து ஈரம் என்று எண்ணித் தரையை உடைக்கத் தேவையில்லை. அடைமழை நாளில் வெளிக்காற்றே ஈரத்தால் நிறைந்திருப்பதால் அது சுவரைக் காய வைக்காது. வெயில் எறிக்கும் பகலிலும், வைகாசிக்குப் பின் கச்சான் வீசும்போதும் யன்னல்களைத் திறந்து விடுங்கள். பெயின்ற் வேலையையும் ஆடி, ஆவணிக்கு வைத்துக்கொண்டால் நல்லது. சுவர் ஆண்டிலேயே அதிகமாக ஊறியிருக்கும் மார்கழி, தையில் பெயின்ற் அடிப்பது காசைக் கரைப்பது.

எந்த ஈரம் என்று கண்டுபிடிப்பது

மேலிருந்து கீழே வழிந்த கறை என்றால் கூரை அல்லது கூரைத் தண்ணீர் ஓடும் பீலி. ஓர் இடத்தில் மட்டும் வட்டமாக ஊறி, கோடையிலும் குறையாமல் இருந்தால் குழாய்க் கசிவாக இருக்கலாம். எல்லாத் தண்ணீர்க் குழாய்களையும் பூட்டிவிட்டு நீர்மானியைப் பாருங்கள். முள் நகர்ந்தால் எங்கோ கசிகிறது.

வெளிச்சுவர் மட்டும் ஊறி, வீட்டுக்குள் இருக்கும் பிரிசுவர் உலர்ந்திருந்தால் மழைச் சாரலோ, கூரைத் தண்ணீர் நிலத்தில் விழுந்து தெறிப்பதோ காரணமாகலாம். மழையே படாத உட்சுவரின் அடிப்பகுதி நெடுக ஒரே உயரத்தில் ஊறியிருந்தால், அது நிலத்து ஈரம் என்று பெரும்பாலும் உறுதியாகச் சொல்லலாம்.

தரைக்கு ஒரு சின்னப் பரிசோதனை இருக்கிறது. ஒன்றரை அடிச் சதுரமான தெளிந்த பொலித்தீன் துண்டொன்றைத் தரையில் விரித்து, நாலு ஓரத்தையும் டேப்பால் இறுக்கமாக ஒட்டி, ஒரு நாள் முழுக்க விடுங்கள். அடுத்த நாள் பொலித்தீனின் அடிப்பக்கம் நீர்த்துளி தெரிந்தாலோ, கீழே உள்ள சீமெந்து கறுத்திருந்தாலோ ஈரம் நிலத்திலிருந்து வருகிறது. மேற்பக்கம் மட்டும் ஈரமென்றால் அது காற்றிலிருந்து படிந்தது. இதை டைல்ஸ் மேல் செய்வதைவிட வெறும் சீமெந்துத் தரையில் செய்வதே நம்பத்தக்கது. கார்த்திகை மாரியில் ஒரு தடவையும் கோடையில் ஒரு தடவையும் செய்தால் படம் முழுமையாகத் தெரியும்.

புதிதாகக் கட்டும்போது

இந்த வேலைக்கு ஆகும் செலவு முழு வீட்டுச் செலவில் மிகச் சிறிய பங்கு. பிறகு திருத்துவதோ பெரிய தலையிடி. ஆகவே கட்டுரையிலேயே முக்கியமான பகுதி இதுதான்.

முதலில் உயரம். அத்திவாரத்தின் மேல்மட்டம் வெளி நிலத்திலிருந்து குறைந்தது ஆறு அங்குலம் உயர்ந்திருக்க வேண்டும். எங்கள் பக்கத்துக்கு அது போதாது என்பதே என் எண்ணம். ஒவ்வொரு தடவை வீதி திருத்தும்போதும் வீதி உயருகிறது. வளவில் தண்ணீர் நிற்கிறதே என்று வீட்டுக்காரரும் மணல் கொட்டி நிரப்புகிறார்கள். சில ஆண்டுகளில் அந்த ஆறு அங்குலம் மண்ணுக்குள் போய்விடும். 2011 தையில் வந்த வெள்ளத்தை நினைவில் வைத்திருப்பவர்கள் தங்கள் வளவில் தண்ணீர் நின்ற மட்டத்தையும் மறந்திருக்க மாட்டார்கள். அந்த மட்டத்தைப் பார்த்து அத்திவாரத்தை உயர்த்துங்கள்.

அடுத்து, மேசன்மார் டிபிசி என்று சொல்லும் ஈரத்தடை. அத்திவாரத்துக்கு மேலே, சுவர் தொடங்கும் இடத்தில், ஒரு பங்கு சீமெந்துக்கு இரண்டு பங்கு மணல் என்ற கணக்கில் முக்கால் அங்குலத் தடிப்பில் சாந்துப் படை போட்டு, அது காய்ந்த பின் அதன் மேல் இரண்டு தடவை தார் பூசுவது இங்கே வழக்கம். தார் ஈரமான சாந்தில் பிடிக்காது, ஆகவே அவசரப்படக் கூடாது. இரண்டாவது பூச்சின் மேல் கொஞ்சம் மணல் தூவினால் அடுத்து வரும் சாந்து நன்றாகப் பிடிக்கும். இந்தப் படை சுவரின் முழு அகலத்துக்கும் போக வேண்டும். மூலைகளிலும் பிரிசுவர் சேரும் இடங்களிலும் விடுபடக் கூடாது. கொங்கிரீட் பீம் போட்டாயிற்று, டிபிசி எதற்கு என்று சிலர் கேட்பார்கள். பீமுக்குள்ளும் நுண்துளைகள் உண்டு. பீமுக்கு மேலே தார் பூசச் சொல்லுங்கள்.

பிறகு தரை. நிரப்பிய மண்ணைத் தட்டி இறுக்கிய பின், நாலு அங்குலத்துக்குச் சல்லிக் கல் பரப்புவது நல்லது. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே உள்ள இடைவெளி பெரிது என்பதால் தண்ணீரால் அதற்குள் ஏற முடியாது. மேலே சொன்ன கணக்குத்தான். அதன் மேல் ஓர் அங்குலத்துக்குச் சலித்த மணல். கல் முனை பொலித்தீனைக் கிழிக்காமல் இருக்கத்தான் இந்த மணல். அதன் மேல் 1000 கேஜ் பொலித்தீன், அதாவது கால் மில்லிமீற்றர் தடிப்பு. கடையில் சாமான் சுற்றித் தரும் மெல்லிய பொலித்தீன் இதற்கு ஆகாது. பொருத்துகளை ஓர் அடி ஒன்றின் மேல் ஒன்று ஏற்றி டேப் ஒட்டுங்கள். பிறகு கொங்கிரீட்.

இங்கே பலர் விடும் பிழை ஓரத்தில் நடக்கிறது. ஆரையம்பதியில் கட்டுமான வேலை நடந்த வீடொன்றில், தரைக்குப் பொலித்தீன் விரித்துவிட்டு அதைச் சுவரடியில் வெட்டப் போன பையனை மூத்த மேசன் ஒருவர் தடுத்தார். "வெட்டாத மனே. இந்த ஓரம்தான் வீடு. நடுவுல ஓட்டை விழுந்தா ரெண்டு டைல்ஸ் வேர்க்கும், ஓரத்த விட்டா சுத்தி வர ஊறும்" என்று சொல்லி, பொலித்தீனைச் சுவரில் ஏற்றி மடித்து, டிபிசியின் தாரோடு சேர்த்து ஒட்டிக் காட்டினார். அவர் சொன்னதுதான் சரி. தரைப் பொலித்தீனும் சுவரின் டிபிசியும் ஒன்றோடு ஒன்று சேர்ந்தால்தான் தடை முழுமையாகும். சேராமல் விட்டால் அந்த விரல் அகல இடைவெளியால் ஈரம் ஏறி, ஸ்கேர்ட்டிங் நெடுக ஊறும். கம்பி கட்டுகிறவர்களும் கொங்கிரீட் கொட்டுகிறவர்களும் மேலே நடக்கும்போது விழும் கிழிசல்களைக் கொங்கிரீட்டுக்கு முன் நீங்களே ஒருமுறை நடந்து பார்த்து ஒட்டுவியுங்கள். மூடிய பிறகு யாராலும் பார்க்க முடியாது.

வெளிப்பூச்சை டிபிசியைத் தாண்டி நிலம் வரைக்கும் கொண்டுபோவது இங்கே சாதாரணம். தண்ணீருக்கு அந்தப் பூச்சே ஏணியாகிவிடும். டிபிசி மட்டத்தில் பூச்சை நிறுத்தி, கீழே உள்ள பகுதிக்குத் தனியாகப் பூசச் சொல்லுங்கள்.

பழைய வீட்டில்

காசு செலவழிக்கும் முன் வீட்டைச் சுற்றி ஒருமுறை நடந்து பாருங்கள். சுவரோடு குவித்த மணல், சுவரடியில் நட்ட பூஞ்செடி, குசினிப் பின்பக்கத்தில் பாத்திரம் கழுவும் தண்ணீர் தேங்கும் இடம், பீலி இல்லாமல் கூரைத் தண்ணீர் கொட்டும் இடம். இவற்றைச் சரி செய்தாலே பல வீடுகளில் ஓதம் பாதி குறையும். சுவரடியில் உயர்ந்துபோன மண்ணை அள்ளி, டிபிசி திரும்ப வெளியே தெரியும்படி செய்யுங்கள். நிலம் வீட்டிலிருந்து வெளிப்பக்கம் சரிய வேண்டும். பத்து அடிக்கு ஆறு அங்குலச் சரிவு இருந்தால் நல்லது. ஒரு மண்வெட்டியும் இரண்டு நாள் உழைப்பும் போதும் என்பதால் இதை முதலில் செய்யச் சொல்கிறேன்.

அதற்குப் பிறகும் ஏறினால் டிபிசி இல்லை, அல்லது கெட்டுவிட்டது என்று கொள்ளலாம். செங்கல் சுவரில் நிலத்துக்கு ஆறு அங்குலம் மேலே, சாந்துக் கோட்டில், நாலரை அங்குலத்துக்கு ஒன்றாக அரை அங்குலத் துளையிட்டு, தண்ணீரை ஒதுக்கும் சிலிக்கோன் வகைக் களியை உட்செலுத்தும் முறை இருக்கிறது. அது துளைகளுக்குள் பரவி ஒரு தடையாகும். இன்னொன்று, சுவரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு விட்டு அறுத்து, உள்ளே தடைத்தகடு செருகுவது. இரண்டாவதை அனுபவம் உள்ளவரைத் தவிர யாரிடமும் கொடுக்காதீர்கள். ஒரே தடவையில் அதிக நீளம் அறுத்தால் சுவர் இறங்கி வெடிக்கும்.

தடை வைத்ததோடு வேலை முடியாது. உப்பு ஏறிய பழைய பூச்சை, ஈரக்கோட்டுக்கு ஓர் அடி மேல் வரைக்கும் கொத்தி எடுக்க வேண்டும். வெளியே தெரியும் உப்பை உலர்ந்த விளக்குமாற்றால் தட்டி அள்ளுங்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்பு கரைந்து திரும்பச் சுவருக்குள் போய்விடும். கல் வெறுமையாகத் தெரிய ஒரு கச்சான் காலமாவது காய விடுங்கள். வீட்டுக்கு ஆட்கள் வந்து போகும்போது அது அழகில்லைத்தான், ஆனாலும் பொறுங்கள். பிறகு கழுவிய ஆற்று மணலால் பூசி, சுண்ணாம்போ சாதாரண மட் எமல்ஷனோ அடியுங்கள். புளியந்தீவில் உள்ள பழைய சுண்ணாம்புப் பூச்சு வீடுகள் ஈரத்தை உள்ளே பூட்டி வைக்காமல் வெளியே விட்டுக் காய்ந்துகொள்வதைக் கவனிக்கலாம். அப்படிப்பட்ட வீடு உங்களுடையதாக இருந்தால், அதன் மேல் சீமெந்தைப் பூசாதீர்கள்.

வெள்ளம் புகுந்த வீடு

வெள்ளம் வடிந்த பின் சுவர் ஊறியிருப்பது வேறு கதை. தண்ணீர் ஒரே தடவையில் உள்ளே போயிருக்கிறது. கீழிருந்து தொடர்ந்து வந்துகொண்டிருக்கவில்லை. ஆகவே அதற்கு டிபிசி தேவையில்லை, நேரம்தான் தேவை. சேற்றைச் சுத்தமான தண்ணீரால் கழுவி, தளபாடங்களைச் சுவரிலிருந்து ஒரு அடி தள்ளி வைத்து, அலுமாரிகளைத் திறந்து விடுங்கள். மின்சாரச் செருகிகள் நனைந்திருந்தால் மின்தொழில் தெரிந்தவர் பார்க்கும் வரை மெயின் சுவிட்சைப் போட வேண்டாம். ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் முழுதாகக் காயப் பல மாதங்கள் எடுக்கும். நிவாரணமோ உதவியோ கிடைத்தவுடன் பெயின்ற் அடிக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். பெயின்ற் அடிக்க நினைக்கும் சுவரில் பொலித்தீன் துண்டை ஒட்டிப் பாருங்கள். ஒரு நாளில் அடிப்பக்கம் நீர் படியாமல் இருந்தால் அடிக்கலாம், படிந்தால் இன்னொரு மாதம் விடுங்கள்.